மலைமேல் பள்ளியும் வீட்டுக் கடனும்

கேள்வி: நாங்கள் 2009இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவர்கள். ஹாரோவில் சொந்த வீடு. மோர்ட்கேஜ் முடிய இன்னும் 19 வருடம் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவர் ஒரு மொத்தக் கடையில் மேனேஜர். இருவருக்கும் சேர்த்து வரிக்கு முன் ஆண்டுக்கு 78,000 பவுண்டு வருகிறது. ஒரே மகள், இயர் 5 படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. மச்சாளின் மகன் தனியார் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இவருக்கு நிம்மதி இல்லை. வீட்டின் மேல் இன்னும் ஒரு லட்சம் பவுண்டு கடன் எடுத்தாவது மகளையும் சேர்க்க வேண்டும் என்று நிற்கிறார். "இந்த நாட்டில் மேலே இருக்கிறவன் எல்லாம் அங்கே படித்தவன்தான். அரசுப் பள்ளியில் விட்டால் பிள்ளையின் கதவை நாங்களே சாத்துகிறோம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு உறுத்தலும் உண்டு. காசு கொடுத்து வரிசையில் முந்துகிறவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நானே அதைச் செய்யலாமா?

— ஒரு வாசகி, ஹாரோ

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கணவரிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது வெறும் பொறாமைப் பேச்சு இல்லை. இங்கிலாந்தில் கட்டணப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர் வரைதான். ஆனால் சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளையும் அரசின் சமூக நகர்வு ஆணையமும் 2019இல் கணக்கெடுத்தபோது, மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம் பேர் அந்த ஏழுக்குள் வந்தவர்கள். அமைச்சகங்களின் நிரந்தரச் செயலாளர்களில் 59 சதவீதம், பிரபுக்கள் சபையில் 57, பத்திரிகைகளில் பத்தி எழுதுகிறவர்களில் 44. ஈட்டன் என்ற ஒரே பள்ளி இந்த நாட்டுக்கு இருபது பிரதமர்களைக் கொடுத்திருக்கிறது. முன்னாள் பிரதமர் ரிஷி சுனக் வின்செஸ்டர் என்ற இன்னொரு கட்டணப் பள்ளியில் படித்தவர். மக்கள் சபையில்தான் கொஞ்சம் காற்று மாறியிருக்கிறது: 2024இல் தேர்வானவர்களில் 23 சதவீதம் பேரே தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். அதுகூட அந்த ஏழு சதவீதத்தைப் போல மூன்று மடங்கு.

சரி, எண்கள் உண்மை. ஆனால் அவற்றை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு கண்ணி அறுந்துபோகிறது. இன்று அறுபது வயதில் நீதிபதியாக இருக்கிறவர் பள்ளிக்குப் போனது எழுபதுகளில். பெரும்பாலும் அவருடைய அப்பாவும் வழக்கறிஞர், டாக்டர் அல்லது நிலபுலன் உள்ளவர். அவர் உயர்ந்ததில் பள்ளியின் பங்கு எவ்வளவு, அப்பாவின் பங்கு எவ்வளவு என்று அந்த 65 சதவீதம் பிரித்துச் சொல்லாது. பள்ளியின் பங்கை மட்டும் கடனுக்கு வாங்கி, அப்பாவின் பங்கும் கூடவே வரும் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம்.

நீங்கள் ஹாரோவில் இருப்பதால் ஒரு கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலைமேல் வைக்கோல் தொப்பி போட்ட பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஹாரோ பள்ளிக்கு 1572இல் எலிசபெத் ராணியிடம் சாசனம் வாங்கியவர் ஜான் லயன் என்ற ஒரு விவசாயி. அந்த ஊர்ப் பையன்கள் காசில்லாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1591இல் அவர் எழுதிவைத்த விதிகளில் ஒரு சின்ன வழி விட்டிருந்தார்: வெளியூர்ப் பையன்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாம். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'அந்நியர்'. அந்தச் சின்ன வழியாக இருநூறு வருடத்தில் பிரபுக்களின் பிள்ளைகள் வந்து நிறைந்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஊரார் கோர்ட்டுக்குப் போனார்கள், 1810இல் தோற்றார்கள். பிறகு 1868இல் பப்ளிக் ஸ்கூல் சட்டம் வந்து ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் முதலிய ஏழு பள்ளிகளின் பழைய விதிகளை மாற்றி எழுத வழி செய்தது. அப்புறம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று 1876இல் தனியாக ஒரு 'கீழ்ப்பள்ளி' திறந்தார்கள், ஜான் லயன் பெயரிலேயே. இன்று அதுவும் கட்டணப் பள்ளிதான். மலைமேல் பள்ளியில் தங்கிப் படிக்க ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கும் மேல்.

ஈட்டனும் அப்படித்தான். 1440இல் ஆறாம் ஹென்றி அதைத் தொடங்கியது எழுபது ஏழை மாணவர்களுக்காக. காசு கட்டிப் படிக்கும் பள்ளிக்குப் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று நம் ஆட்கள் சிரிப்பதுண்டு. எந்த ஊர்க்காரரும் எந்த மதப்பிரிவினரும் காசிருந்தால் சேரலாம் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஒரு வகையில் நேர்மையான பெயர்தான்.

இனி, அந்தக் கட்டணத்தில் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். நான் 22 வருடம் லண்டன் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நடுவில் நான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். இரண்டு இடத்திலும் நான் நடத்தியது அதே பாடம், அதே கரும்பலகைக் கணக்கு. ஒரு இடத்தில் முப்பது பிள்ளைகள், மற்ற இடத்தில் பதினாறு. பதினாறு பேர் என்றால் ஒவ்வொரு கொப்பியையும் திருத்தி, பின்தங்கிய பிள்ளையை மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைக்க நேரம் இருக்கும். அது உண்மையான வித்தியாசம், நான் மறுக்க மாட்டேன். பணமும் அதைத்தான் சொல்கிறது. நிதி ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, 2010 வாக்கில் தனியார் பள்ளிக் கட்டணம் அரசுப் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செலவழிப்பதை விட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. 2022-23இல் அந்த இடைவெளி ஏறக்குறைய 90 சதவீதம். ஒரு பக்கம் நீச்சல் குளம் புதிதாக எழுந்தது. மறு பக்கம் இசை ஆசிரியரை நிறுத்தினார்கள், உதவி ஆசிரியர்களைக் குறைத்தார்கள். அந்த வெட்டை நான் வகுப்பறைக்குள்ளிருந்து பார்த்தேன்.

ஆனால் அந்த நான்கு வருடத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வகுப்பறை இல்லை. பதினாறு வயதில் பிள்ளைகள் ஒரு வாரம் வேலை அனுபவத்துக்குப் போவார்கள். தனியார் பள்ளியில் ஒரு பையன் அப்பாவின் நண்பருடைய வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனான், இன்னொருத்தி அத்தை வேலை செய்யும் வங்கிக்கு. யாரும் தேடி அலையவில்லை. அரசுப் பள்ளியில் என் பிள்ளைகள் அதே வாரத்தை மாமாவின் கடையிலும், தெருமுனை மருந்துக்கடையிலும், இடம் கிடைக்காமல் பள்ளி நூலகத்திலும் கழித்தார்கள். அந்த வங்கி கட்டண ரசீதோடு வருவதில்லை, தங்கை. அது அத்தையோடு வருவது. உங்கள் மகள் அங்கே சேர்ந்தால் அந்த அத்தையின் மருமகளோடு பக்கத்தில் உட்காருவாள். நட்பு வரலாம், வராமலும் போகலாம். லீவில் அவர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும்போது இவள் வீட்டில் இருப்பாள் என்பதையும் கணக்கில் வையுங்கள். சில பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள், சிலருக்கு அது உள்ளே தைக்கும்.

பரீட்சை முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளிகள் எங்கோ மேலே நிற்கும். பிள்ளைகளின் குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, பதினொரு வயதிலேயே அவர்கள் வாங்கியிருந்த மதிப்பெண் இவற்றையெல்லாம் சமமாக வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடுகிறது. தேர்வு நடக்காமல் ஆசிரியர்களே மதிப்பெண் போட்ட 2021ஆம் ஆண்டை ஞாபகம் வைத்திருப்பீர்கள். அந்த வருடம், பதினெட்டு வயதில் முடிக்கும் ஏ லெவலில் தனியார் பள்ளிகளின் முடிவுகளில் 70 சதவீதம் ஏ அல்லது அதற்கு மேல்; சாதாரண அரசுப் பள்ளிகளில் 39 சதவீதம். மடிக்கணினியும் தனி அறையும் இருந்த பிள்ளைகளுக்குப் பொதுமுடக்கம் அவ்வளவு பாரமாக இல்லை என்பது ஒரு காரணம். பெற்றோரின் அழுத்தம் எந்தப் பள்ளி வாசலில் அதிகம் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் கதை கொஞ்சம் திரும்புகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சேரும் பிரிட்டிஷ் மாணவர்களில் இன்னும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தனியார் பள்ளி. அது பெரிய அநியாயம்தான். ஆனால் ஒரே ஏ லெவல் மதிப்பெண்ணோடு உள்ளே போன இரண்டு பேரை எடுத்தால், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர் பட்டத்தில் கொஞ்சம் மேலே முடிக்கிறார் என்று 2014இலேயே பல்கலைக்கழக நிதிக் கவுன்சில் காட்டியது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் சில பள்ளிகள், சில அஞ்சல் குறியீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு மதிப்பெண்ணை ஒரு படி, இரண்டு படி இறக்கிக் கேட்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், தேர்வு வைத்துச் சேர்க்காத அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆண்டு கூடுதலாக நீளும் மருத்துவப் படிப்பு இருக்கிறது. நம் வீடுகளில் டாக்டர் கனவு இல்லாத வீடு ஏது? ஒரு லட்சம் கடன் எடுத்துச் சேர்த்தபின் இந்த வாசல் உங்கள் மகளுக்கு இல்லை. உங்கள் கணவர் சொன்ன கதவுக் கணக்கில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பேனாவும் காகிதமும். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி வந்துவிட்டது. அதோடு சேர்த்து, பகலில் போய்வரும் பள்ளிகளின் சராசரி ஆண்டுக்கு 22,000 பவுண்டு அளவுக்குப் போனது. லண்டனில் 25,000க்குக் கீழே கிடைத்தால் மலிவு என்பார்கள். 25,000 என்றே வைப்போம். கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் ஏழு வருடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். சீருடை, பள்ளி பஸ், சாப்பாடு, சுற்றுலா தனி. உங்கள் இருவரின் கைக்கு வருவது மாதம் ஐயாயிரத்தை ஒட்டி இருக்கும். கட்டணம் மட்டும் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல். அதனால்தான் கடன் என்கிறீர்கள்.

அந்த ஒரு லட்சம் எத்தனை நாளைக்கு வரும் என்று பாருங்கள். இயர் 7, 8, 9 மூன்றுக்குமே 79,000 போய்விடும். மீதி 21,000. இயர் 10இன் கட்டணம் அப்போது 29,000ஐ நெருங்கியிருக்கும். ஆகவே, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் பாடங்களைத் தொடங்கிய வருடத்தின் நடுவில் பணம் தீரும். பள்ளி மாற்ற அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது, ஏனென்றால் வேறு பள்ளியில் வேறு தேர்வு வாரியம், வேறு பாடச் சேர்க்கை. அதே சமயம் கடனுக்கு, 5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால், மாதம் 660 பவுண்டு போய்க்கொண்டே இருக்கும். மொத்தம் 1,58,000க்கு மேல். மகள் முப்பது வயதைத் தொடும்போது அவளுடைய ஏழாம் வகுப்புக்கு நீங்கள் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். நைட் டியூட்டி கூட்டி எடுத்துச் சமாளிக்கலாம் என்று யோசித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். வீட்டில் அம்மா இல்லாத இரவுகளும் படிப்புச் செலவுதான்.

ஆகவே என் பதில்: இந்தக் கடனை எடுக்காதீர்கள்.

பர்சரி பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். ஸ்காலர்ஷிப் வேறு, பர்சரி வேறு. ஸ்காலர்ஷிப் திறமைக்கு, பல பள்ளிகளில் இன்று அது கட்டணத்தில் சிறு துண்டைத்தான் குறைக்கும், பெருமை அதிகம். பர்சரி வருமானம் பார்த்துக் கொடுப்பது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டின் மதிப்பு எல்லாம் கேட்பார்கள். சில பள்ளிகள் ஆள் அனுப்பி வீட்டையே பார்க்கும். ஒவ்வொரு வருடமும் திரும்பப் பரிசீலிப்பார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்குச் சலுகை என்று அந்தப் பள்ளிகள் பெருமையாகச் சொல்லும். அதில் அண்ணன் தம்பிச் சலுகை, ஆசிரியர் பிள்ளைச் சலுகை எல்லாம் அடக்கம். ஒரு சதமும் கட்டாமல் படிக்கிறவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். உங்கள் வருமானத்துக்கும் வீட்டுக்கும் முழுப் பர்சரி அநேகமாகக் கிடைக்காது, பகுதி கிடைக்கலாம். தேர்வுக்குப் பதியும் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே பள்ளியின் பணக் கணக்கைப் பார்க்கும் பர்சாருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உங்கள் வருமானத்தைச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் தினமும் பார்க்கும் கடிதம் அது. கட்டணத்தில் முக்கால்வாசிக்கு மேல் குறைத்து, அதை எழுத்திலும் தந்தால் திரும்ப எனக்கு எழுதுங்கள். அப்போது என் கணக்கு மாறும்.

தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். ஹாரோ கவுன்சிலில் ஒன்றுகூட இல்லை. பெண் பிள்ளைகளுக்கு ஹென்றியெட்டா பார்னெட் உண்டு, நூறு சொச்சம் இடத்துக்கு ஆயிரக்கணக்கில் போட்டி. வாட்ஃபர்ட் பக்கம் ஒரு பகுதி இடங்களைத் தேர்வு வைத்து நிரப்பும் பெண்கள் பள்ளி இருக்கிறது. ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகளைப் பிழிந்தெடுத்த அதே வேகத்தை நம் ஆட்கள் இங்கே கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வான இலெவன் பிளஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மத்தியானம் கடை மாடியில் டியூஷன். மகளுக்குப் புதிர்க் கணக்குப் பிடிக்கும் என்றால் எழுதட்டும், வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். கிடைக்காவிட்டால் தோல்வி என்ற வார்த்தை வீட்டில் கேட்கக் கூடாது.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நீங்களும் நானும் இலங்கைக் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்தவர்கள். 1945இல் இலங்கையில் அது வந்தபோது பிரிட்டனிலும் அதே மாதிரிக் காற்று அடித்தது. 1944 கல்விச் சட்டம் அரசு இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு, அரசு அமைத்த ஃப்ளெமிங் குழு, பப்ளிக் ஸ்கூல்களில் கால்வாசி இடத்தை அரசுச் செலவில் சாதாரணப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது. அது காகிதத்திலேயே கிடந்தது. எண்பது வருடம் கழித்து இப்போது வாட். என் அபிப்பிராயம்: வரி நியாயம், ஆனால் அதனால் இடைவெளி மூடாது. அந்தப் பணத்தில் 6,500 ஆசிரியர்கள் என்று அரசாங்கம் சொன்னது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகள் இருபதாயிரத்துக்கும் மேல். மூன்று பள்ளிக்கு ஒருவர்கூட வராது.

வரிசையில் முந்துவதைக் கேட்டீர்கள். ஆமாம், அது முந்துவதுதான். ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் கண்புரை நீங்கினால் அடுத்தவருக்குப் பார்வை குறைவதில்லை. தனியார் பள்ளிகளின் இடத்துக்கு மதிப்பே மற்ற 93 பேருக்கு அது இல்லாததால்தான். அதைச் சொல்லிவிட்டு, நல்ல அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்து முப்பதாயிரம் அதிகம் கொடுத்து வாங்கும் நம்மவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆகவே உங்கள் கணவர் ஆசைப்பட்டதற்காக அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பிள்ளைக்காக ஆசைப்படுவது பிழையில்லை, இந்த ஏற்பாடுதான் பிழை. அதை மாற்ற வேண்டும் என்று நினைத்தால் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக நில்லுங்கள். நம் பெண்கள் அந்த நாற்காலிகளில் மிகக் குறைவு.

கடனில் பத்தில் ஒரு பங்கை, பத்தாயிரத்தை, ஏழு வருடத்துக்கு ஒதுக்கினால் என்னென்ன செய்யலாம் என்று கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வயலினோ நீச்சலோ ஒன்று. விவாத மன்றம் இல்லாத பள்ளி என்றால் வெளியே ஒரு நாடகக் குழு, ஏனென்றால் தனியார் பள்ளிகள் உண்மையில் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது எழுந்து நின்று பேசுவதைத்தான். உங்கள் வார்டில் எத்தனை டாக்டர்கள்! பதினாறு வயதில் மகள் ஒரு வாரம் வந்து நிற்க முடியுமா என்று கேட்கக்கூடிய அத்தை உங்கள் வீட்டிலும் இருக்கிறாள், அது நீங்கள்தான். பதினாறுக்குப் பிறகு கணக்கு இன்னும் பிடித்திருந்தால், லாம்பெத்தில் 2014இல் தொடங்கிய கிங்ஸ் கணிதப் பள்ளி இருக்கிறது. அரசு நிதி, கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு கடுமை. ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனில் பேக்கர்லூ ரயில் ஏறினால் லாம்பெத் நார்த் வரை ஒரே வண்டி.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இலெவன் பிளஸ் எழுதுவதானால் பதிவு கோடையிலேயே முடிந்துவிடும், பரீட்சை செப்டம்பரில். இடைநிலைப் பள்ளி விண்ணப்பம் கவுன்சிலுக்கு அக்டோபர் 31க்குள், முடிவு மார்ச் 1. போன வருடம் பள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு இருக்கிறவர்கள் வரை இடம் கொடுத்தார்கள் என்று கவுன்சில் வெளியிடும். முதலில் அதைப் பாருங்கள். பள்ளிகளின் ஓபன் ஈவினிங் செப்டம்பர், அக்டோபரில் வரும். அங்கே தலைமை ஆசிரியரின் பேச்சை விட, பள்ளியைச் சுற்றிக் காட்டும் இயர் 8 பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். கணக்கு ஆசிரியர்கள் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் சப்ளை, அதாவது தற்காலிகம், என்று நேராகவே கேளுங்கள். ரோஸ்டர் போடுவதற்கு முன் அந்த மாதங்களில் நான்கு மாலை ஒதுக்கிவையுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா